காதலை ஆளும் பொழுது

தமிழ் அக இலக்கணம் காதலுக்கு வகுத்த அடித்தளம் இரண்டு: ஒன்று நிலம், மற்றொன்று பொழுது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் அகத்திணையியல் இவ்விரண்டையும் சேர்த்து முதற்பொருள் என்கிறது. மரம், பறவை, தெய்வம், தொழில் போன்றவை கருப்பொருள். கூடல், காத்திருப்பு, பிரிவு, ஊடல், இரங்கல் என்னும் மனநிலைகள் உரிப்பொருள். காதலர் வாய் திறப்பதற்கு முன்பே அவர்கள் நிற்கும் இடமும் அந்த நேரமும் பாட்டுக்குள் வந்துவிடுகின்றன. நேரம் மாறினால் உணர்வும் மாறும் என்பது சங்கப் புலவர்களின் உறுதியான எண்ணம். மாலைக்கு ஒரு வலி, நள்ளிரவுக்கு ஒரு வலி, விடியலுக்கு ஒரு வலி என்று அவர்கள் பிரித்துப் பாடினார்கள். காலம் காதலைச் சோதிக்கிறது, அவசரப்படுத்துகிறது, சாட்சி சொல்கிறது, சில சமயம் வாக்கையே முறிக்க வைக்கிறது. நாழிகை தொடங்கிப் பிறவி வரை, காலத்தின் ஒவ்வோர் அளவையும் தமிழ்க் கவிஞர்கள் காதலோடு பொருத்திப் பார்த்திருக்கிறார்கள்.

ஆறு பருவம், ஆறு பொழுது

ஓர் ஆண்டைப் பழந்தமிழர் ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். ஒரு நாளையும் மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு என்று ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். சிறுபொழுது ஒவ்வொன்றுக்கும் 10 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம் என்பதால், ஒரு சிறுபொழுது நம் கணக்கில் 4 மணி நேரம்.

இந்தப் பொழுதுகள் ஐந்து திணைகளுக்கும் பங்கிடப்பட்டன. மலைநிலமான குறிஞ்சியில் காதலர் கூடுவர். அதற்குரியவை கூதிரும் முன்பனியும், சிறுபொழுதில் யாமம். காடான முல்லையில் தலைவி கணவனுக்காகக் காத்திருப்பாள்; அதற்குக் காரும் மாலையும். பாலையில் பிரிவு, அதற்கு வேனிலும் பின்பனியும், சுட்டெரிக்கும் நண்பகலும். வயல்சூழ்ந்த மருதத்தில் ஊடல். அதற்கு வைகறையும் விடியலும். கடற்கரையான நெய்தலில் இரங்கல். அதற்குக் கதிரவன் சாயும் எற்பாடு.

இந்தப் பங்கீட்டுக்குப் பின்னால் வாழ்க்கை அனுபவம் இருக்கிறது. ஊர் உறங்கும் நள்ளிரவில்தான் களவுக் காதலர் சந்திக்க முடியும். பரத்தை வீட்டில் இரவைக் கழித்தவன் விடியலில்தான் மனைவியின் வாசலுக்கு வருவான். அவன் வந்து நிற்கும் நேரமே அவனுக்கு எதிரான சாட்சி. பெற்றோருக்குத் தெரியாமல் காதலனோடு புறப்பட்ட பெண் வறண்ட வழியை நண்பகல் வெயிலில் கடக்கும்போது அவள் துணிவு வெளிப்படும். பாட்டில் பொழுது சொல்லப்பட்டவுடனே, அங்கே என்ன நிகழக்கூடும் என்பது படிப்பவர் மனத்தில் பாதி விரிந்துவிடுகிறது.

மாலை, யாமம், வைகறை

சிறுபொழுதுகளில் புலவர்கள் அதிகம் அஞ்சியது மாலைக்குத்தான். பறவை கூட்டுக்கும், மாடு தொழுவத்துக்கும், உழவன் வீட்டுக்கும் திரும்பும் நேரம் அது. எல்லாரும் திரும்பும்போது திரும்பாத ஒருவனின் இன்மை பெரிதாகத் தெரியும். திருக்குறளின் காமத்துப்பாலில் ‘பொழுது கண்டு இரங்கல்’ என்னும் 123-ஆம் அதிகாரத்தில் மாலையைப் பற்றிய துயரமே பேசப்படுகிறது. காதல் நோயைக் காலையில் அரும்பாகவும், பகலெல்லாம் முதிரும் மொட்டாகவும், மாலையில் விரியும் மலராகவும் வள்ளுவர் அங்கே காட்டுகிறார். ஒரே நோய்க்கு ஒரு நாளுக்குள் மூன்று பருவம்.

குறுந்தொகையில் மிளைப்பெருங் கந்தனார் இன்னும் ஒரு படி போகிறார். கதிர் மறைந்து முல்லை மலரும் நேரத்தைத்தான் மாலை என்று உலகம் சொல்கிறது. துணையில்லாதவளுக்கோ சேவல் கூவும் விடியலும் மாலை, பகலும் மாலை. கடிகாரம் காட்டும் நேரம் வேறு, மனம் உணரும் நேரம் வேறு என்னும் இந்த உண்மையைச் சில அடிகளுக்குள் அவர் அடக்கிவிட்டார்.

யாமத்தின் கொடுமை வேறுவகை. பதுமனாரின் குறுந்தொகைப் பாடலில் நள்ளிரவில் ஊரும் உலகமும் உறங்கிவிட, தலைவி ஒருத்தி மட்டும் விழித்திருக்கிறாள். பிற்காலத்தில் நம்மாழ்வார் திருவாய்மொழியில் நாயகி நிலையில் நின்று, விடியவே விடியாமல் ஊழிபோல் நீளும் இரவைப் பாடினார். சங்கத் தலைவி விழித்திருந்த அதே இரவுக்குள் இறைவனைத் தேடும் உயிரை அவர் அமர்த்தினார். காதலின் காலக்கணக்கு அப்படியே பக்தியின் காலக்கணக்காயிற்று.

பிரிவில் இரவு நீளும். கூடலில் அதே இரவு குறுகிவிடும். அள்ளூர் நன்முல்லையாரின் சிறு பாடல் ஒன்றில் கோழி கூவியதும் தலைவியின் நெஞ்சு திடுக்கிடுகிறது. காதலனிடமிருந்து தன்னைப் பிரிக்க வாள்போல வந்துவிட்டது வைகறை என்கிறாள். இரவு எவ்வளவு இனிதாகக் கழிந்தது என்று அவள் ஒரு சொல்லும் சொல்வதில்லை. அது முடிந்த கணத்தின் அதிர்ச்சி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகள் கொண்டது. அதில் ஒரு நுட்பமான காட்சி வருகிறது. விடாமல் மழை தூறுகிறது. வானம் இருண்டு கிடக்கிறது. கதிரவன் மறைந்தானா இல்லையா என்று தெரியவில்லை. வீட்டுப் பெண்கள் பூந்தட்டில் இட்டுவைத்த பிச்சி அரும்புகள் இதழ் விரிந்து மணம் வீசுகின்றன. அந்த மணத்தால் மாலை வந்துவிட்டது என்று அறிந்து அவர்கள் விளக்கேற்றுகிறார்கள். வெளியே பொழுது மறைந்துபோனாலும் வீட்டுக்குள் பூ பொழுது சொல்கிறது. அதே பாட்டில், அரண்மனைக் கட்டிலில் கணவனைப் பிரிந்த அரசி உறக்கமின்றி வாடுகிறாள். அரசனோ பாசறையில், நள்ளிரவிலும் உறங்காமல், புண்பட்ட வீரர்களைப் பார்த்து ஆறுதல் சொல்லி நடக்கிறான். ஒரே யாமம் இரண்டு இடங்களில் இரண்டு பேரையும் உறங்கவிடாமல் வைத்திருக்கிறது.

தினை விளையும் வரை

குறிஞ்சிப் பாடல்களில் காலத்தின் ஆட்சி வேளாண்மை வழியாக வருகிறது. மலைச்சாரலில் தினை முற்றும்போது, கிளியோட்டத் தலைவி புனத்துக்கு அனுப்பப்படுகிறாள். காதலன் அவளைப் பகலில் சந்திக்க அதுவே வாய்ப்பு. கதிர் அறுத்தவுடன் புனத்தில் அவளுக்கு வேலையில்லை, வீட்டுக்குள் வைக்கப்படுவாள். இதை இற்செறிப்பு என்பார்கள். பயிர் விளைய விளையக் காதலுக்கு இருக்கும் நாட்கள் குறைந்துகொண்டே வருகின்றன. வேங்கை மரம் பொன்னிறமாகப் பூப்பது தினை அறுப்புக்கும் திருமணத்துக்கும் உரிய காலம் நெருங்கியதன் அடையாளம். ஆகவே தோழி காதலனிடம் தினையைப் பற்றியோ வேங்கையைப் பற்றியோ பேசினாலே, அவள் கேட்பது திருமணத்தைத்தான் என்று அவனுக்குப் புரிந்துவிடும்.

கபிலரின் குறுந்தொகைப் பாடல் ஒன்று இந்த அவசரத்தை நேரடியாகவே சொல்கிறது. சிறிய கொம்பில் தொங்கும் பெரிய பலாப்பழத்தைத் தோழி காதலனுக்குக் காட்டுகிறாள். தலைவியின் உயிர் மிகச் சிறியது, அவள் கொண்ட காதலோ பெரியது என்கிறாள். கொம்பு எவ்வளவு நாள் தாங்கும் என்ற கேள்வியை அவள் கேட்கவில்லை. கேட்காமலே அது அவன் நெஞ்சில் தைக்கும்.

கார் வந்தது, அவர் வரவில்லை

பெரும்பொழுதுகளில் காதலோடு மிக நெருங்கிப் பிணைந்தது கார்காலம். போருக்கோ பொருளுக்கோ பிரியும் தலைவன் ‘கார் தொடங்குமுன் வந்துவிடுவேன்’ என்று சொல்லிப் போவது மரபு. மழை இறங்கினால் ஆறு பெருகும், வழி சேறாகும், தேரும் படையும் நகர்வது அரிது. வீடு திரும்புவதற்கு இயற்கையே வைத்த கெடு அது. தேதி அச்சிட்ட நாட்காட்டி இல்லாத உலகில், முல்லையும் கொன்றையும் பூத்தால் கெடு வந்தது என்று பொருள்.

கெடு வந்தும் அவன் வராவிட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்வியிலிருந்து காலமயக்கு என்னும் அழகிய துறை பிறந்தது. குறுந்தொகையில் கோவதத்தனார் பாடலில், கொன்றை பூத்ததைக் கண்டு தலைவி கலங்குகிறாள். தோழி அவளைத் தேற்றுகிறாள்: இது கார் இல்லை, பருவம் தவறிப் பெய்த மழையைக் கார் என்று நினைத்து அறிவில்லாத கொன்றை பூத்துவிட்டது. ஓதலாந்தையார் பாடலில் தோழி தேவைப்படவில்லை. காடு முழுவதும் பூத்து நின்று கார் வந்தது என்று அறிவித்தாலும் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லாதவர் என்கிறாள் தலைவி. கண்முன் நிற்கும் பருவத்தையே பொய்யாக்கி, கண்காணாத காதலன் சொல்லை மெய்யாக்கும் உறுதி அது. காலத்தைக் காதல் எதிர்த்து வாதாடும் இடம் இதுவே. நம்மாழ்வாரின் திருவிருத்தத்திலும் இந்தக் காலமயக்குத் துறை தொடர்கிறது.

நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிகளில் இந்தக் காத்திருப்பை முழுமையாகக் காட்டுகிறது. மழை மாலை. முதிய பெண்கள் ஊர்ப்புறத்தில் நின்று, நற்சொல் காதில் விழுமா என்று விரிச்சி பார்க்கிறார்கள். கன்றுகளைப் பார்த்து ஓர் இடைப்பெண் ‘உங்கள் தாய்மார் இப்போதே வந்துவிடுவார்கள்’ என்கிறாள். அதையே நல்ல நிமித்தமாக எடுத்துத் தலைவியைத் தேற்றுகிறார்கள். மறுபக்கம் பாசறை. அங்கே நாழிகைக் கணக்கர்கள் நீர்வட்டிலைப் பார்த்து, கழிந்த நேரத்தை அரசனுக்கு அறிவிக்கிறார்கள். அவள் பக்கத்தில் காலத்தை மழையும் பூவும் சொல்கின்றன. அவன் பக்கத்தில் சொட்டுச் சொட்டாக நீர் அளந்து சொல்கிறது. இரண்டு கணக்கும் ஒன்றுசேரும்போது, வெற்றியோடு திரும்பும் அவன் தேர்க் குதிரைகளின் ஒலி அவள் காதில் விழுகிறது. நெடுநல்வாடையில் அந்தச் சேர்க்கை நிகழவில்லை. காரும் கழிந்து கூதிர் வந்துவிட்டது, வாடை வீசுகிறது, அரசன் இன்னும் பாசறையில் இருக்கிறான். கெடு கடந்த காத்திருப்பு என்பதால்தான் அந்தக் குளிர் அவ்வளவு கடுமையாகப் படுகிறது.

படையில் சேர்ந்தவர் போனால் எப்போது வருவார் என்று வீடு எண்ணிக்கொண்டிருப்பது பழைய காலத்தோடு முடிந்துவிடவில்லை. ஆவடியை ஒட்டிய முத்தாபுதுப்பேட்டை போல விமானப்படை நிலையத்தைச் சார்ந்து வளர்ந்த ஊர்களில், விடுப்பு நாளை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்களுக்கு முல்லைத்திணை உரையாசிரியர் துணையின்றியே விளங்கும்.

தென்றல் முறித்த சபதம்

ஆவடியின் சுற்றுப்புறத்தோடு தொடர்புடைய ஒரு காதல் கதையில், காலம் வாக்கையே முறித்திருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் சுந்தரர், திருவாரூரில் பரவையாரை மணந்தவர். பின்னர் திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கண்டு காதல் கொண்டார். உன்னைப் பிரியமாட்டேன் என்று மகிழமரத்தடியில் சபதம் செய்து அவரை மணந்தார். ஒற்றியூர்க் கோயிலின் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை இன்றும் இதை நினைவூட்டுகிறது.

பூந்தமல்லிக்கு அருகே குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போது, சபதம் தளர்வதற்குக் காரணமாக ஒரு பருவத்தையே கொண்டுவருகிறார். பொதிகையில் பிறந்து சந்தனமணம் சுமந்த தென்றல் வந்து தீண்டுகிறது. திருவாரூரில் வசந்தவிழா நடக்கும் நாள் இது என்ற நினைவும், பரவையாரின் நினைவும் சுந்தரருக்கு எழுகின்றன. இளவேனில் அழைக்கிறது, அவர் புறப்படுகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் பார்வை இழக்கின்றன.

பார்வையற்ற சுந்தரர் அங்கிருந்து வந்து நின்ற தலம், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள திருமுல்லைவாயில். சங்கிலியின் பொருட்டுத் தன் கண் பறிபோனதை அந்தத் தலத்துப் பதிகத்தில் அவரே குறிப்பிடுகிறார். தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி சுற்றிக்கொண்ட தலவரலாறும் அதே பதிகத்தில் இருக்கிறது. பிறகு பூண்டிப் பகுதியிலுள்ள திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று, காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார் என்பது பெரியபுராணம். சங்கத் தலைவி பருவத்தைப் பொய்யென்று சொல்லி வாக்கை நம்பினாள். இங்கே பருவம் வென்றது, வாக்கு தோற்றது. தோல்விக்கு உரிய விலையும் கேட்கப்பட்டது.

இளவேனில் இன்னொரு காதலையும் அலைக்கழித்தது. சிலப்பதிகாரத்தில் கடற்கரையில் கோவலன் பிரிந்துபோன பிறகு, வேனிற்காதையில் மாதவி தாழை மடலில் கடிதம் எழுதி வசந்தமாலை கையில் கொடுத்தனுப்புகிறாள். கோவலன் அதை வாங்க மறுக்கிறான். மாலையில் வராவிட்டால் காலையில் பார்ப்போம் என்று மாதவி தன்னைத் தேற்றிக்கொள்கிறாள். ஆனால் விடியுமுன்னே கோவலன் கண்ணகியோடு புகாரைவிட்டுக் கிளம்பிவிடுகிறான். அவள் நம்பியிருந்த காலைப்பொழுது வந்தது; அவன் வரவில்லை.

எண்ணப்படும் நாட்கள்

பிரிவு எவ்வளவு காலம் நீடிக்கலாம் என்பதற்கும் தொல்காப்பியர் வரம்பு கட்டினார். கல்விக்காகப் பிரிந்தால் 3 ஆண்டைக் கடக்கக் கூடாது. வேந்தன் பணிக்காகப் பிரிந்தால் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். பிற பிரிவுகளுக்கும் அதே அளவு. கற்பியலில் வரும் இந்த விதிகளின் உள்ளே ஓர் அக்கறை தெரிகிறது. கடமைக்காகப் போகலாம், ஆனால் வீட்டில் இருப்பவளின் காலமும் அவன் கையில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தை அவள் எப்படிக் கடந்தாள் என்பதைக் குறள் சொல்கிறது. ‘அவர்வயின் விதும்பல்’ அதிகாரத்தில், அவன் போன நாட்களைச் சுவரில் ஒவ்வொன்றாகக் குறித்துத் தொட்டு எண்ணியதால் விரல் தேய்ந்துபோகிறது. வழி பார்த்துக் கண் ஒளி இழக்கிறது. தொலைவு சென்றவர் வரும் நாளை எண்ணி ஏங்குபவர்க்கு ஒரு நாள் ஏழு நாளாக நீள்கிறது என்றும் அதே அதிகாரம் கணக்குச் சொல்கிறது. வடமொழியில் காளிதாசரின் மேகதூதமும் இதே நிலையைப் பாடியது. ஓராண்டுத் தண்டனை பெற்று மனைவியைப் பிரிந்த யட்சன், மழைக்காலம் தொடங்கும்போது மேகத்தைத் தூது அனுப்புகிறான். மழை மேகத்தைக் கண்டால் பிரிந்தவர் மனம் தாங்காது என்பது இந்திய மண் முழுவதற்கும் பொதுவான அனுபவம்.

இளமையும் நரையும்

நாளும் பருவமும் சுழன்று திரும்பி வரும்; இளமை திரும்பாது. பாலைப் பாடல்கள் இதை உரக்கச் சொல்கின்றன. பாலை பாடிய பெருங்கடுங்கோவின் கலித்தொகைப் பாடல் ஒன்றில், பொருள் தேடப் புறப்படும் தலைவனைத் தோழி தடுக்கிறாள். ஒரே துணியைக் கிழித்து ஆளுக்குப் பாதி உடுத்தினாலும், ஒன்றாக இருப்பவர் வாழ்வே வாழ்வு; போன இளமையை எதைக் கொடுத்தும் மீட்க முடியாது என்பது அவள் வாதம். செல்வத்தையும் காலத்தையும் எதிரெதிரே நிறுத்தி, காலமே விலைமதிப்பற்றது என்று தீர்ப்புச் சொல்கிறது அந்தப் பாடல்.

முதுமையைப் பற்றி நற்றிணையின் 10-ஆம் பாடல் பேசுகிறது. தலைவியைக் காதலனோடு அனுப்பும் இரவில் தோழி அவனிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கிறாள். இவள் உடல் தளர்ந்தாலும், கருங்கூந்தல் நரைத்தாலும் கைவிட்டுவிடாதே என்கிறாள். காதல் உச்சத்தில் இருக்கும் அந்த நேரத்தில், 40, 50 ஆண்டு கழித்து வரப்போகும் ஒரு நாளை அவள் எண்ணிப் பார்க்கிறாள்.

ஐரோப்பியக் கவிதையில் இதே அச்சம் வேறு உருவம் எடுத்தது. 1609-இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகளில் காலம் அரிவாளோடு வரும் பகைவன். அழகை அது அறுத்துச் செல்லும்; தன் கவிதை மட்டும் தான் நேசிப்பவரின் அழகைக் காத்துவைக்கும் என்று கவிஞர் நம்புகிறார். தமிழ்த் தோழி கவிதையை நம்பவில்லை. மனிதன் கொடுக்கும் வாக்கை நம்புகிறாள். அழகு போகட்டும், அன்பு போகாதிருக்கட்டும் என்பதே அவள் கேட்பது.

மறுபிறவியும் இப்பிறவியும்

சில தலைவிகளுக்கு ஓர் ஆயுளும் போதவில்லை. அம்மூவனாரின் குறுந்தொகைப் பாடலில், கணவன் பரத்தையிடம் போய்வந்த பிறகும் தலைவி சொல்கிறாள்: இந்தப் பிறவி முடிந்து அடுத்த பிறவி வந்தாலும் நீயே என் கணவனாக வேண்டும், உன் நெஞ்சுக்கு ஏற்றவளாக நானே இருக்க வேண்டும். ஊடலின் வருத்தம் அதில் கலந்திருக்கிறது. அதையும் மீறி, காலத்தின் கடைசி எல்லையான இறப்பைத் தாண்டித் தன் உரிமையை அவள் நீட்டிக்கொள்கிறாள்.

மறுபிறவியைத் துணைக்கு அழைக்காமல், கையில் இருக்கும் ஆயுளுக்குள்ளேயே காலத்தை வென்ற காதலைப் பாடியவர் பாரதிதாசன். 5 பகுதிகள் கொண்ட அவருடைய குடும்ப விளக்கு, ஒரு குடும்பத்தலைவியின் ஒரே ஒரு நாளோடு தொடங்குகிறது. விருந்தோம்பல், திருமணம், மக்கட்பேறு என்று வளர்ந்து, முதியோர் காதலில் முடிகிறது. கடைசிப் பகுதியில் மணவழகரும் தங்கமும் தளர்ந்த முதியவர்கள். அழகு, வலிமை, உழைப்பு எல்லாம் அவர்களை விட்டுப் போய்விட்டன. அந்த நிலையிலும் மனைவி உயிரோடு இருக்கிறாள் என்பதே கிழவருக்குப் போதுமான மகிழ்ச்சியாக இருக்கிறது. நற்றிணைத் தோழி நரை வந்த பிறகும் கைவிடாதே என்று கேட்டுக்கொண்டது இங்கே ஒரு வீட்டு வாழ்க்கையாகவே நிறைவேறுகிறது. சங்கக் கவிதை காலத்தைக் காதலின் அடித்தளமாக வைத்தது. குடும்ப விளக்கு அந்த அடித்தளத்தின் மீது ஒரு முழு ஆயுளைக் கட்டி, காதலின் உண்மையான அளவு அது எத்தனை காலம் நின்றது என்பதே என்று காட்டியது.